கால் ரூம் பெஞ்ச்

அன்பு மச்சானுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? எனக்கும் ஆரம்பித்துவிட்டது. ஸ்டேடியம் படி ஏறும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

போன தடவை எழுதினேனே, வியாசர்பாடியிலிருந்து வருகிற 800 மீட்டர் பொண்ணு, ஜூனியர் நேஷனல்ஸில் ஹீட்ஸோடு, அதாவது முதல் சுற்றுத் தகுதி ஓட்டத்தோடு, திரும்பிவிட்டாள். காலில் குறையில்லை. மாவட்டத்தில் எப்போதும் முன்னால் ஓடியவள். அடுத்தவள் முதுகைப் பார்த்ததே கிடையாது. அங்கே முதல் வளைவு தாண்டி எல்லோரும் உள் லேனுக்குச் சாய்ந்ததும் கண்ணெதிரே நாலு முதுகு. பதறிப்போய் டிராக்கின் முதல் சுற்றிலேயே மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். கடைசி 150 மீட்டர் ஓட்டமே இல்லை.

திரும்பும்போது ரயிலில் சொன்னாள்: "சார், ஓடறதுக்கு முன்னாடியே தோத்துட்டேன். கால் ரூம்லயே."

ரேஸுக்கு முன்னால் பேர் கூப்பிட்டு உட்கார வைக்கிற அந்த அறை உனக்குத் தெரியாததா? போனை வாங்கி வைத்துவிட்டு, பனியனில் குத்திய நம்பரையும் ஆணி ஷூவையும் பார்த்து, பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். கோச்சுக்கு உள்ளே இடமில்லை. பக்கத்தில் ஹரியானா, கேரளா என்று எழுதிய பனியன்கள். மூன்று மாதம் டைமிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனே தவிர, அந்தப் பெஞ்சுக்கு அவளைப் பழக்கவில்லை. போதாததற்கு, "மெடல் இல்லாம வராதே" என்று விளையாட்டாகச் சொல்லி வேறு வைத்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் வார்ம்-அப் முடிந்ததும் பெஞ்சில் இருபது நிமிஷம். பேச்சு கிடையாது, போன் கிடையாது. அப்புறம் அவளைவிட வேகமான பையன்களோடு ஓட்டம். ஜெயிக்கவே முடியாது, அதற்காகத்தான் அவர்களோடு விடுகிறேன். முன்னால் யார் போனாலும் முதல் சுற்று 66 விநாடியில் முடியணும், அவ்வளவுதான் கணக்கு. முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் 63-இல் பறந்து வந்து திட்டு வாங்கினாள்.

டீக்கடையில் நம்ம செஸ் குகேஷ் கதையை எடுத்துவிட்டேன். 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் டிங் லிரனிடம் முதல் ஆட்டமே போச்சு, அதுவும் முதலில் நகர்த்துகிற வெள்ளைக் காயில். பன்னிரண்டாவதும் போச்சு. கடைசி, பதினாலாவதில்தான் பட்டம். மனப்பயிற்சிக்குக் கூட இருந்தவர் பேடி அப்டன், 2011-இல் உலகக் கோப்பை ஜெயித்த நம் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். எல்லாம் கேட்டுவிட்டு, "அவருக்கு அப்டன், எனக்கு நீங்களா சார்?" என்கிறாள். வாய் மட்டும் நேஷனல் லெவல்.

நீ ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் சுவரோரம் போய் வாந்தி எடுப்பாயே, பொங்கலுக்கு வரும்போது அதை அவளிடம் சொல்லு. நான் சொன்னால் கோச் பேச்சு என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

உன்,
பழைய ரிலே பார்ட்னர்