பழைய பப்பை எடுத்து நடத்தும் தமிழ் உறவுகளுக்கு

லண்டனில் பழைய பப்களைக் குத்தகைக்கு எடுக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

சாவி கைக்கு வந்ததும் நிலவறையை ஒழிப்பீர்கள். மூலையில் ப்ரூவரி (பீர் காய்ச்சும் ஆலை) பெயர் போட்ட பீர் கிளாஸ்கள் பெட்டியாகக் கிடந்தால், எறிவதற்கு முன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

விளிம்புக்குச் சற்றுக் கீழே மங்கலாக ஒரு முத்திரை தெரியும். கிரீடமும் எண்ணும் இருந்தால் பழைய அரசு அளவு முத்திரை. அந்த எண்ணை ஆண்டு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது முத்திரையிட்ட வட்டாரத்தின் எண். உங்கள் பப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2006 இறுதியிலிருந்து கிரீடத்துக்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சிஇ' (CE) குறியும், 'எம்' (M) எழுத்தோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் வரத் தொடங்கின. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு கிரீடம் போட மறுபடி அனுமதி உண்டு என்பதால் கிரீடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே உதவும். வாண்ட்ஸ்வொர்த்தில் யங்ஸ் பீர் காய்ச்சிய ராம் ப்ரூவரி மூடியதும் அதே 2006-இல்தான். யங்ஸ் பெயரோடு சிஇ குறி இருந்தால், அந்தக் கிளாஸ் வாண்ட்ஸ்வொர்த் பீரைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. பிரிக் லேனில் இருந்த ட்ரூமன் ப்ரூவரி 1989-இலேயே மூடியது. சிஇ குறியுள்ள ட்ரூமன் கிளாஸ், 2010-இல் அந்தப் பெயரை மீட்டுத் தொடங்கியவர்களுடையது.

கிரீட முத்திரைக் கிளாஸில் இன்றும் 568 மில்லி பைண்ட் ஊற்றி விற்கலாம், சட்டத் தடையில்லை. ஆனால் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போடாதீர்கள். அதன் சூடும் காரத் தூளும் சேர்ந்து பொன் விளிம்பை முதலில் தின்னும், பிறகு சிவப்பு எழுத்தை. கடைசியில் கண்ணாடியே பால்போல் மங்கும். வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள்: போனால் சுண்ணாம்புப் படிவு, போகாவிட்டால் கண்ணாடி அரிக்கப்பட்டுவிட்டது, அதற்கு மருந்து கிடையாது. கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி போதும். தேய்க்கும் நார் கூடாது. பழைய வண்ணப் பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். உதடு படும் இடம்வரை படம் வந்திருந்தால் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் முறுக்க வேண்டாம். உள் கிளாஸில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிக் கிளாஸை வெதுவெதுப்பான நீரில் நிறுத்துங்கள்.

வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் உள்ளூர் அருங்காட்சியகத்தையோ சேகரிப்பாளர்களையோ கேளுங்கள். கொடுக்கும்போது பப்பின் பெயர், தெரு, கிடைத்த நாள் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். கண்ணாடிமேல் ஒட்டாதீர்கள், பசை எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும்.

பழைய பீர் கிளாஸ் சேகரிப்போர் சிலர்