மன அழுத்தம் மருமகளுக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மன அழுத்தத்தால் கருத்தரிப்பு தள்ளிப்போவது குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செய்தியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு பெண் மட்டும் கட்டில் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யோகா செய்யுங்கள், காப்பியைக் குறையுங்கள், கவலையை விடுங்கள் என்ற அறிவுரைகளும் அவளுக்கே சொல்லப்பட்டிருந்தன. கணவனைப் பற்றிக் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. மகப்பேற்றுப் பிரிவில் 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கணவனைப் பற்றி யாரும் பேசாததால் என் வீட்டிலேயே இரண்டு ஆண்டுகள் வீணானதைப் பார்த்தவளும்கூட. அதனால் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்குத் திருமணமாகி ஓராண்டு முடிந்ததும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தொடங்கியது. அந்தக் கேள்வியை அதிகம் கேட்டவள் நான்தான். கேட்டதோடு நிற்காமல், "மனசைப் போட்டு அலட்டிக்காதே, எல்லாம் தானா நடக்கும்" என்று மருமகளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். அது அவள் காதில் ஆறுதலாக விழவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. குழந்தை தங்காததற்குக் காரணம் அவள் மனந்தான் என்று, தீர்ப்பையும் அல்லவா சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்!

அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கோயிலில் கொடுத்த மாத நாள்காட்டி ஒன்று தொங்கும். மாதவிலக்கு வரும் நாளை மருமகள் அதில் சிவப்புப் பென்சிலால் சிறிய வட்டமாகக் குறித்துவைப்பாள். தீபாவளிக்கு விருந்தினர் வருவதற்கு முன் அதைக் கழற்றி, இழுப்பறையில் கைத்துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். கைத்துண்டு தேடப்போன என் கையில் அது அகப்பட்டது. வட்டங்களுக்கு இடையிலான நாள்களை எண்ணினேன். தொழில் புத்தி போகுமா? மற்ற மாதங்களில் 29, 30 என்று இருந்த இடைவெளி, அவளுடைய கணக்காய்வு வேலை நெருக்கும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் 38 ஆகவும் 44 ஆகவும் நீண்டிருந்தது.

மன அழுத்தம் பெண்ணின் உடலில் செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், விட்டுவிட்டுத் துடிப்பதைப்போல ஓர் இயக்குநீரை (ஹார்மோனை) சுரந்து, பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகிறது. அந்தத் துடிப்பின் தாளம் சீராக இருந்தால்தான் கருமுட்டை முதிர்ந்து வெளிவரும். தூக்கமின்மை, ஓயாத பதற்றம், வேளைக்குச் சாப்பிடாமை ஆகியவை தொடரும்போது, கார்ட்டிசால் உள்ளிட்ட நெருக்கடிக்கால இயக்குநீர்கள் அந்தத் தாளத்தைத் தளர்த்துகின்றன. அதனால் முட்டை வெளிவருவது தள்ளிப்போகிறது. மிகக் கடுமையான நிலையில் மாதவிலக்கே நின்றுபோவதும் உண்டு. முட்டை வெளிவந்தபின் மாதவிலக்கு வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரங்களே ஆகும் என்பதால், நீளுவதெல்லாம் அதற்கு முந்திய காலந்தான். 44 நாள் இடைவெளி உள்ள மாதத்தில் 14ஆம் நாளில் முட்டை வெளிவரும் என்று கணக்குவைத்துக் காத்திருந்தால் பயன் கிடைக்காது. இதை நான் மருமகளுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானோ காசியிலிருந்து வந்த தீர்த்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதேவேளையில், மன அழுத்தம் இருந்தால் குழந்தையே பிறக்காது என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. அமெரிக்காவில் டெக்சஸ், மிச்சிகன் மாநிலங்களில் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த ஏறத்தாழ 500 இணையரைத் தொடர்ந்து கவனித்து 2014ல் வெளியிட்ட ஆய்வில், உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி மிகுந்திருந்த பெண்களுக்கு மாதந்தோறும் கருத்தரிக்கும் வாய்ப்பு 29 விழுக்காடு குறைந்திருந்தது. வாய்ப்பு குறைந்ததே தவிர, அற்றுப்போய்விடவில்லை. அந்த ஆய்விலேயே கார்ட்டிசாலின் அளவுக்கும் கருத்தரிப்புக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்திலும் பஞ்சத்திலும்கூடப் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன.

இனி ஆண்களுக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார். அத்தகைய இணையரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் ஆணுக்கும் உண்டு. அவனுக்கும் அதே தாளம், அதே தளர்ச்சிதான். ஆண் இயக்குநீரான டெஸ்டாஸ்டரான் குறைகிறது, நாட்டமும் குறைகிறது. கலிஃபோர்னியாவில் 38 முதல் 49 வயது வரையிலான 193 ஆண்களிடம் நடத்தி, இதுவும் 2014ல் வெளியான ஆய்வொன்றில், மன அழுத்தத்தை மிகுதியாக உணர்ந்தவர்களின் விந்தணு அடர்த்தி, நகரும் திறன், இயல்பான வடிவம் மூன்றுமே தாழ்ந்திருந்தன. இது போதாதென்று, மன அழுத்தத்துக்கு வடிகாலாக ஆண்கள் நாடும் சிகரெட்டும் பீரும் நள்ளிரவுக் கொத்துபரோட்டாவும் தம் பங்குக்குக் கெடுதல் செய்கின்றன. உடற்பயிற்சிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டாஸ்டரான் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: அந்த ஊசி தசையை வளர்க்கலாம், ஆனால் விந்தணு உற்பத்தியை ஏறத்தாழ நிறுத்திவிடக் கூடியது.

என் மகன் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் 12 மணி நேரச் சுழல்முறை வேலை பார்ப்பவன். இரண்டு பகல், இரண்டு இரவு என்று மாறிமாறி வரும். மருத்துவர் முதல் சந்திப்பிலேயே இருவருக்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். "எனக்கென்னம்மா குறை? முதல்ல அவளுக்குப் பார்க்கட்டும்" என்றான் மகன். நானும் தலையாட்டினேன். அந்த இரண்டு ஆண்டுகளில் மருமகள் எத்தனையோ முறை இரத்தம் கொடுத்தாள், ஸ்கேனுக்குப் படுத்தாள், கருக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்சியில் சுருண்டு வந்தாள். இவன் செய்ய வேண்டியிருந்ததோ, ஊசியோ வலியோ இல்லாத ஒரே ஒரு பரிசோதனை.

கடைசியில் ஒருநாள் அவனும் உடன்பட்டான். மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், உடற்சூடு ஆறக்கூடாது என்று நான் சொன்னதால், அந்தச் சிறு குப்பியைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துவைத்துக்கொண்டு, உட்லண்ட்சிலிருந்து டாக்சியில் குளிர்சாதனத்தை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனான். என்றும் வாய் ஓயாத பிள்ளை அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி இரண்டு ஆண்டுகளாகச் சுமந்துவந்தது எத்தகைய பாரம் என்பது அன்று காலையில்தான் அவனுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் திருத்திய வரையறையில், விந்தணு அடர்த்தியின் கீழ்வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன். என் மகனுக்கு 9 மில்லியன். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும் என்பதால், இன்று சிகரெட்டை விட்டால் நாளைக்கே பலன் தெரியாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவன் சிகரெட்டை விட்டான், பகல்நேர வேலைக்கு மாற்றிக்கொண்டான், தூங்கினான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எண்ணிக்கை 14 மில்லியனாக ஏறியிருந்தது. ஏறியதற்குத் தூக்கம் காரணமா, சிகரெட்டை விட்டது காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. விந்தணு எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்குவதும் உண்டு.

ஆனால் அதற்குள் மருமகளுக்கு 35 வயது கடந்துவிட்டது. 35க்கு உட்பட்டவர்கள் ஓராண்டும், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதமும் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது பொது விதி. "தானா நடக்கும்" என்ற பேச்சு எங்களிடமிருந்து பறித்தது அந்தக் காலத்தைத்தான். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு, தகுதிபெறும் இணையருக்குச் சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனைகளில் 75 விழுக்காடு வரை மானியம் கிடைக்கிறது. மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவ் கணக்கிலிருந்து முதல் முறைக்கு 6,000 வெள்ளியும், அடுத்தடுத்த முறைகளுக்கு 5,000, 4,000 வெள்ளியும் எடுக்கலாம். பணத்துக்கு வழி இருக்கிறது. போன வயதுக்கு வழி இல்லை.

முதல் முறை கரு தங்கவில்லை. பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "அழுதுகிட்டே இருந்தா எப்படிம்மா தங்கும்?" என்றார். 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3,583 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2011ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன் பெண்ணுக்கு இருந்த மனச்சோர்வோ பதற்றமோ அந்தமுறை கருத்தரிப்பதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. நான் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2023ல் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே இறங்கி 0.97 ஆனதிலிருந்து, இளையர்கள் ஏன் பிள்ளை பெறுவதில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெற விரும்பியும் இயலாமல் தவிப்போரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இந்தப் பொருளில் கட்டுரை வரும்போது, கட்டில் ஓரத்தில் கணவனையும் உட்காரவையுங்கள். முதற்கட்டப் பரிசோதனையை இருவரும் ஒரே வாரத்தில் செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இக்கடிதத்தை அனுப்புவதற்கு முன் மகனிடமும் மருமகளிடமும் காட்டி ஒப்புதல் பெற்றேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் மட்டும் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "உறவினர்கள் ஓயாமல் கேட்டார்கள்" என்று நான் எழுதியிருந்த வரி அது. "உறவினர்கள் இல்ல, அத்தை" என்றாள். மேலே திருத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்
உட்லண்ட்ஸ்
(பெயரை வெளியிட வேண்டாம்)