பணம் எந்த வழியில் போனது?

ஜெலுத்தோங், பினாங்கு
வியாழக்கிழமை இரவு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றிரவு அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. "அப்பாவிடம் சொல்ல வேண்டாம்" என்று நீ கேட்டுக்கொண்டதையும் சேர்த்தேதான் சொன்னாள். ஓவர்லாக் தையல் இயந்திரத்துக்காக 1,350 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பி எட்டு நாளாகியும் பொருள் வரவில்லை, விற்றவன் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதைவிட, பிரிக்பீல்ட்ஸில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் ரவிக்கை தைத்துச் சேர்த்த பணமாயிற்றே என்று இத்தனை நாள் தனியாக உள்ளுக்குள் மருகியிருப்பாயே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்று காலை நான் தொலைபேசியில் சொன்னபடி வங்கியின் மோசடிப் பிரிவுக்கும், 997 எண்ணில் தேசிய மோசடி பதிலளிப்பு மையத்துக்கும் தகவல் சொல்லி, காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்துவிட்டாய் என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் நான் பேசிய அரை மணி நேரமும் நீ "சரிப்பா, சரிப்பா" என்று மட்டுமே சொன்னாய். கடைசியில் "போனது போகட்டும்பா" என்றாய். அந்தச் சொல்லை நான் ஏற்பதாக இல்லை. ஏன் என்பதைத்தான் பொறுமையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். முன்பின் பார்த்திராத இரண்டு வணிகர்கள், ஒருவர் சென்னையிலும் மற்றவர் இங்கேயும் இருந்துகொண்டு, இலட்சக்கணக்கில் வாணிபம் செய்வார்கள். ஒருவரை ஒருவர் நம்பியா செய்தார்கள்? இல்லை. நடுவில் வங்கி நின்றது. சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான பத்திரங்கள் ஒப்பந்தத்தில் சொன்னபடியே இருந்தால்தான் வங்கி விற்றவருக்குப் பணம் கொடுக்கும். விவரம் பொருந்தாவிட்டால் பத்திரம் திரும்பி வந்துவிடும். வாங்குபவரின் பணத்தையும் விற்பவரின் சரக்கையும் ஒரே சமயத்தில் காப்பாற்றிய ஏற்பாடு அது. ஷாப்பி, லசாடா போன்ற இணைய விற்பனைத் தளங்கள் செய்வதும் அடிப்படையில் அதுதான். நீ கட்டும் பணம் உடனே விற்பவரின் கைக்குப் போவதில்லை. பொருள் வந்தது என்று நீ உறுதி செய்யும் வரையிலோ, அதற்கென்று வைத்த காலம் முடியும் வரையிலோ, தளத்திடமே நிற்கிறது. பொருள் வராவிட்டாலும், வேறு பொருள் வந்தாலும், அந்தக் காலத்துக்குள் முறையிட்டால் பணத்தைத் திருப்ப வழியிருக்கிறது.

உன்னிடம் அந்த ஆள் செய்தது என்ன? தளத்தில் பொருளைக் காட்டினான். பிறகு வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி, "நேரடியாகக் கட்டினால் 120 வெள்ளி குறைத்துத் தருகிறேன், தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம்" என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 120 வெள்ளிக்காக, நடுவில் நின்று உன் பணத்தைக் காத்துக்கொண்டிருந்தவரை நீயே விலக்கிவிட்டாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அம்மா. அவன் பேசிய பேச்சின் நோக்கமே அந்த ஒரு காரியம்தான் என்பதை நீ காண வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இனி எவர் எந்தக் காரணம் சொல்லித் தளத்துக்கு வெளியே பணம் கேட்டாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.

டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வழியாக அனுப்பிய பணத்தை வங்கி ஏன் உடனே திருப்பித் தரவில்லை என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். அந்தப் பணம் நொடிகளில் எதிர்க்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நீயே கடவுச்சொல் போட்டு, நீயே ஒப்புதல் கொடுத்து அனுப்பியதால், வங்கியின் பார்வையில் அது முறையான பரிமாற்றம். இன்னொருவர் கணக்கில் சேர்ந்த பணத்தை, காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், வங்கி தன்னிச்சையாக எடுத்துத் தர முடியாது. அதற்காகத்தான் 2022 அக்டோபரில் அந்த 997 மையத்தைத் தொடங்கினார்கள். காவல்துறை, மத்திய வங்கியான பேங்க் நெகாரா, மற்ற வங்கிகள், தொடர்பு பல்லூடக ஆணையம் எல்லாம் அதில் சேர்ந்து, பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதைத் துரத்திப் பிடித்து முடக்கப் பார்க்கின்றன. முதல் 24 மணி நேரம் அதில் உயிர் போன்றது. நீ எட்டு நாள் கழித்துக் கூப்பிட்டிருக்கிறாய். ஆகவே முழுப் பணமும் அந்த வழியில் வரும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் உன் புகார் வீண் இல்லை. காவல்துறையின் செமாக் மியூல் பக்கத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டினால், அதன்மீது எத்தனை புகார் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். நாளை அதே கணக்குக்குப் பணம் அனுப்பப் போகும் இன்னொருத்தி அதைப் பார்த்துக் கையை நிறுத்துவாள். நீயும் அனுப்புவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம். அதோடு, கடையின் பெயர் ஒன்று, கணக்கு வைத்திருப்பவர் பெயர் வேறு தனியாள் பெயர் என்று மாப்பிள்ளை சொன்னார். கணக்கை இரவல் கொடுத்த ஏதோ ஓர் ஏழைப் பிள்ளையின் பெயராக அது இருக்கக்கூடும். கடையின் பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தவில்லையென்றால் அனுப்பவே கூடாது.

இதையே கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால் கதை வேறாகியிருக்கும். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் விதிகளிலும், கட்டிய பணத்துக்குப் பொருள் வரவில்லை என்றால், அட்டை கொடுத்த நம் வங்கி விற்பவரின் வங்கியிடம் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். பொருளைக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்போது விற்பவரின் தலையில் விழுகிறது. பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் வரை இதற்கு இடமுண்டு. ஆனால் நாள் கணக்கை நம்பிக் காத்திருக்காமல், பொருள் வர வேண்டிய நாள் தவறிய உடனே வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பதுதான் நல்லது. வங்கி மறுத்தால், அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். குறிப்பாக, வெளிநாட்டுக் கடைகளில் வாங்கும்போது அட்டையைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதே. நம் நாட்டுச் சட்டத்தின் கை அங்கே எட்டுவது கடினம்.

இனி நம் வீட்டு கிரைண்டர் கதைக்கு வருகிறேன். உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ அப்போது பிரசவ விடுப்பில் இருந்தாய். 2021இல் அம்மாவின் பிறந்த நாளுக்காக, சிலாங்கூரில் பதிவு பெற்ற ஒரு கடையின் இணையப் பக்கத்தில், வங்கியிலிருந்து நேரடியாகக் கட்டும் முறையில் 780 வெள்ளி கட்டி வாங்கினேன். தளமும் இல்லை, அட்டையும் இல்லை. ஏறக்குறைய உன்னைப் போலத்தான் கட்டியிருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் வெள்ளைத் தக்கைத் தூளோடு கருங்கல் துகளும் கொட்டியது. உருளைக் கல்லின் விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதில் அரைத்தால் மாவில் கல் வரும்" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. கடைக்காரரிடம் படத்தை அனுப்பியபோது, "திறந்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை, பற்றுச்சீட்டிலேயே போட்டிருக்கிறதே" என்று பதில் வந்தது. திறக்காமல் உள்ளே இருக்கும் கல்லை எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லை.

அப்போது நான் கிரீன்லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நினைத்துக்கொண்டேன். நம் தலைமுறைக்கு அந்தச் சங்கம் பள்ளிக்கூடம் மாதிரி. பல பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸ், விலையையும் தரத்தையும் கேள்வி கேட்பது ஏழையின் உரிமை என்று இந்த ஊருக்குப் பழக்கிவிட்டுப் போனவர். அந்தப் பழக்கத்தில்தான் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டமே கொடுக்கும் உத்தரவாதம். பற்றுச்சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் எதைப் போட்டாலும் விற்பவர் அதை நீக்கிவிட முடியாது. இணைய வாணிபம் முதலில் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உள்ளே வந்தது.

பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில், நாம் திரிபியூனல் என்று சொல்கிறோமே அதில், படிவம் 1ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினேன். அவ்வளவுதான் செலவு. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. விசாரணை நாளில் எனக்குக் கை நடுங்கியது உண்மை. ஆனால் நான் துறைமுகக் குமாஸ்தா அல்லவா? கட்டிய சான்று, பற்றுச்சீட்டு, பெட்டியின் நான்கு பக்கப் படம், உடைந்த கல்லின் அருகே அளவுகோல் வைத்து எடுத்த படம், அவர் எழுதிய பதில்கள் என எல்லாவற்றையும் தேதி வரிசையில் கோத்து வைத்திருந்தேன். மன்றத் தலைவர் அதை ஒரு முறை புரட்டினார். கடையின் மேலாளரைப் பார்த்து, இருவரும் பேசி முடிக்க விருப்பமா என்று கேட்டார். கால் மணி நேரத்தில், அனுப்பும் செலவோடு முழுத் தொகையையும் தர அவர் ஒப்புக்கொண்டார். அந்த உடன்பாட்டையே தீர்ப்பாக எழுதிக் கொடுத்தார்கள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம் என்பதால், ஒன்பதாம் நாளே பணம் வந்துவிட்டது.

உன் விவகாரத்தில் மன்றம் உதவுமா என்று கேட்பாய். எதிரி யார், அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. அவன் முழுக்கப் பொய்யன் என்றால் நோட்டீஸ் அனுப்பவே முகவரி இருக்காது. அப்போது அது காவல்துறையின் வேலை. தனியாள் தன் பழைய பொருளை விற்றதாக இருந்தாலும் மன்றம் ஏற்காது. ஆனால் தளத்தில் அந்தக் கடைக்கு இன்னும் பக்கம் இருக்கிறது, அதில் எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு எண்ணும் போட்டிருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி, முழு விலை ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும் என்ற விதி 2013 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்த எண் உண்மையானதா, வேறு ஒரு நல்ல கடையின் எண்ணைத் திருடிப் போட்டிருக்கிறானா என்பதை முதலில் எஸ்.எஸ்.எம்.மில் பார்க்க வேண்டும். உண்மையாக இருந்தால் மூன்று ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் மன்றத்துக்குப் போகலாம். தளத்துக்கும் இன்றே எழுது. வெளியே கட்டிய பணத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், ஆனால் அந்தக் கடையை முடக்கலாம். உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் கொடு. அமைச்சு உனக்குப் பணம் வாங்கித் தராது. விற்பவன்மேல் நடவடிக்கை எடுக்கும். இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் ஓரிடத்தில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

இன்னொன்று, மிக முக்கியம். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது உன்னைத் தேடி வருவார்கள். வழக்கறிஞர் என்பார்கள், வங்கி அதிகாரி என்பார்கள், முன்பணமோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ கேட்பார்கள். ஏமாந்தவர்களின் எண்களைக் கைமாற்றி விற்கிறார்கள், கண்ணு. ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதே, எதையும் சொல்லாதே.

வெட்கத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். தயவுசெய்து அழிக்காதே. உன்னிடம் இருக்கும் முக்கியமான பத்திரம் அதுதான். அவன் குரல் செய்தி அனுப்பியிருந்தால் அதையும் வைத்துக்கொள். ஏமாற்றியவன் நிம்மதியாக இருக்க, ஏமாந்த நீ தலை குனிவது எந்த ஊர் நியாயம்? உன் அப்பனும் பெட்டியைத் திறந்து ஏமாந்து நின்றவன்தான்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, காலை இ.டி.எஸ். இரயிலில் பட்டர்வொர்த்திலிருந்து புறப்படுகிறேன், மாப்பிள்ளை கே.எல். சென்ட்ரலுக்கு வர வேண்டாம், அங்கிருந்து உன் வீடு நடக்கிற தூரம்தானே. நான் வருவதற்குள் பரிமாற்றச் சான்று, உரையாடல், கடைப் பக்கத்தின் படம், காவல்துறைப் புகாரின் நகல் நான்கையும் அச்செடுத்து, தேதி வரிசையில் மேசைமேல் வை. என் கிரைண்டர் கோப்பை நான் கொண்டுவருகிறேன். அதில் படிவம் 1 எப்படி நிரப்பியது என்று இருக்கிறது. அம்மா தன் பழைய தையல் இயந்திரத்தை எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள். கையில் எடுத்த ரவிக்கைகளை அதுவரை அதில் தைக்கலாம் என்கிறாள். அதை எப்படி அனுப்புவது என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா