முத்திரை இல்லாத மதுக் குடுவை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ உன் மகனிடம் கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி சென்ற ஞாயிறன்று வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்ததால் கடலூரிலிருந்து பேருந்தில் வந்தும் ஒரு கீறல் கூட இல்லை. உன் தாய்மாமன் வியட்நாமின் சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக இருந்துவிட்டு 1954இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்ததாக உங்கள் வீட்டில் சொல்லிவரும் அந்தச் செட்டை, அதாவது மூடியுள்ள கண்ணாடிக் குடுவை ஒன்றையும் கால் வைத்த சின்னஞ்சிறு கிளாஸ்கள் ஐந்தையும் வட்டத் தட்டு ஒன்றையும், ஒரு வாரமாக மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். விளிம்பு வரை 30 மில்லிதான் பிடிக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மடக்கு மட்டும் அருந்தும் இனிப்பு மதுவுக்கான அளவு அது.

எங்கும் முத்திரையோ எழுத்தோ இல்லை என்று எழுதியிருந்தாய். அது முக்கால்வாசி சரி. மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

உன் வீட்டுக்கு வந்த அந்தப் பழம்பொருள் வியாபாரி, முத்திரை இல்லாததே இது பழைய பக்காரா என்பதற்குச் சான்று என்று சொன்னாராம். பாதி உண்மையை முழு விலைக்கு விற்கும் பேச்சு அது. 1764இல் தொடங்கப்பட்ட பக்காரா என்னும் அந்தப் பிரெஞ்சுக் கண்ணாடித் தொழிற்சாலை, அமிலத்தால் அரித்துப் பதிக்கும் முத்திரையை 1936 முதல்தான் முறையாக இட்டுவந்தது. அதற்கு முன் ஒட்டியது காகிதச் சீட்டு, நாலு முறை கழுவினால் போய்விடும். ஆகவே முத்திரையில்லாத பக்காரா உண்டு. ஆனால் இதே வைரக்கட்டம் போன்ற வெட்டு வேலையைப் பிரான்சின் சேன் லூயி தொழிற்சாலையும், பெல்ஜியத்தின் வால் சேன் லாம்பேர் தொழிற்சாலையும், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவின் பட்டறைகளும் செய்தன. முத்திரை இல்லாததையெல்லாம் பக்காரா என்பது, தலைப்பாகை கட்டியவரையெல்லாம் பாரதி என்பது போலத்தான்.

செய்தவர் பெயரை விட்டுவிட்டு, செய்த விதத்தைப் பார்த்தேன். கிளாஸ்களின் தண்டில் நகத்தை ஓட்டினால், மேலிருந்து கீழாக மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்படுகிறது. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. அவற்றின் பூவேலையின் முனைகளும் கரைந்த கற்கண்டு போல மழுங்கியிருக்கின்றன. குடுவையில் அப்படி எந்த வரம்பும் இல்லை. அதன் கட்டங்கள் விரலை உறுத்துமளவு கூர்மையானவை. இரண்டு இடங்களில் கோடுகள் சந்திக்கவேண்டிய புள்ளியைச் சற்றுத் தாண்டிப் போயிருக்கின்றன. சுழலும் சக்கரத்தில் கையால் பிடித்து வெட்டியவனின் சிறு பிழை அது. அந்தப் பிழைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கண்ணால் கண்டதை எடையாலும் சரிபார்க்க எண்ணி, தெரிந்த நகைப்பட்டறைக்கு மூடியையும் ஒரு கிளாஸையும் எடுத்துப் போனேன். மூடியின் எடை 94 கிராம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துச் சுழியாக்கி, மூடியை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியில் படாமல் முழுவதும் மூழ்கவிட்டபோது தராசு 31 கிராம் காட்டியது. மூடி விலக்கிய தண்ணீரின் எடை அது. 94ஐ 31ஆல் வகுத்தால், தண்ணீரைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேலான அடர்த்தி. கிளாஸோ 52க்கு 21. அதாவது இரண்டரை மடங்கு. சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி இரண்டரையில்தான் நிற்கும். மூன்றுக்கு ஏறுவது ஈயம் கலந்த கண்ணாடி. நாற்பது ஆண்டுகள் பள்ளியில் நடத்திய ஆர்க்கிமிடீஸ் பாடம் முதன்முறையாக எனக்கே பயன்பட்டது! ஈயக் கண்ணாடி என்பதால் அந்தக் குடுவையில் எதையும் நாள்கணக்கில் ஊற்றி வைக்காதே. ஈயம் மெல்லக் கசிந்து இறங்கும்.

இப்போது அந்தக் கால்வாசி. மூடியின் அடிமுனையை லென்ஸ் வைத்து விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது, ஊசியால் கீறியது போல 17 என்ற எண் தெரிந்தது. குடுவையின் கழுத்து விளிம்பிலும் அதே 17. மூடியையும் கழுத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேய்த்தெடுப்பதால், ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராது. பட்டறையில் மாறிப்போகாமலிருக்க இப்படி எண்ணிடுவார்கள். அந்த 7இன் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது. நம் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் எழுதிய அதே 7! ஆங்கிலேயன் கை அப்படி எழுதாது. ஆகவே குடுவை ஐரோப்பியக் கண்டத்தில் உருவானது என்றே கொள்கிறேன்.

தட்டு வெள்ளியால் ஆனதல்ல. பிரான்சில் 1838 முதல் அசல் வெள்ளிக்கு மினர்வா தேவதையின் தலை முத்திரை உண்டு, இதில் இல்லை. விளிம்பு தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிவதால், பித்தளையின்மேல் முலாம் பூசியது. அதை வெயிலில் பிடித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நடுவில் ஒரு பெரிய தேய்மான வட்டம். குடுவையின் அடி அதில் அச்சாகப் பொருந்துகிறது. அதைச் சுற்றி ஆறு சிறு வட்டங்கள், ஒவ்வொன்றும் 4.6 சென்டிமீட்டர். உன் கிளாஸ்களின் பாதமோ 3.9தான். ஆக, குடுவையும் தட்டும் பல காலம் ஒன்றாக வாழ்ந்தவை. கூட வந்த ஆறு கிளாஸ்களும் உடைந்தோ தொலைந்தோ போனபின், இந்த அச்சுக் கிளாஸ்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. வியாபாரி சொன்ன நாலாயிரத்துக்கு எதையும் கொடுத்துவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். நாம் கல்லூரியில் படித்த காலத்தில் மஞ்சக்குப்பம் வீட்டுப் பூஜை அலமாரியில், உன் அம்மா திருநீறு போட்டு வைத்திருந்த கால் வைத்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருந்ததே, அது இப்போதும் இருக்கிறதா? இருந்தால், அதன் பாதத்தின் அகலத்தை அளந்து எழுது.

உன் அன்புள்ள,
பழைய அறைத்தோழன்