சான்றிதழைப் பூட்டி வைத்தால் ரகசியம் காக்கப்படாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் நகைக்கடை, ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், தனியார் பள்ளி என்று பல இடங்களில் வேலைக்குச் சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. கூடவே தொகை எழுதாத காசோலை ஒன்று. விலகினால் இத்தனை வருடம் இந்த ஊரில் இதே தொழிலுக்குப் போகமாட்டேன் என்று ஒரு பத்திரம். கேட்டால், "எங்க கஸ்டமர் விவரம் வெளியே போயிடும்" என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதற்குச் செய்யும் காரியம்தான் அநியாயம்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருந்துகொண்டே போட்டிக் கடைக்கும் உழைக்கக்கூடாது என்ற நிபந்தனை செல்லும். 1967இலேயே உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுவிட்டது. விலகிய மறுநாள் எதிர்க்கடையில் சேர்வதை மட்டும் தடுக்க முடியாது. ஆனால் ரகசியத்தைக் காக்கும் கடமை விலகிய பிறகும் தொடரும். அடகுப் பேரேட்டைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவதும், நோயாளியின் ஸ்கேன் முடிவை வெளியே சொல்வதும் எந்த நாளிலும் தப்புதான். கற்ற தொழில் திறமையோ, தன் சம்பளம் எவ்வளவு என்பதோ, பி.எஃப். கட்டவில்லை என்ற புகாரோ கடையின் ரகசியம் ஆகாது.

பாண்டு, அதாவது இத்தனை வருடம் வேலையில் இருப்பேன், இல்லையென்றால் பணம் தருவேன் என்று எழுதித் தரும் பத்திரம், எதுவுமே செல்லாது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மறுபடி ஆள் எடுக்கும் செலவு அங்கே கணக்கில் வந்தது. செலவழித்துப் பயிற்சியே தராத கடை, லட்சக் கணக்கில் எழுதி வாங்கினால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெயராது.

பெரிய ஆபத்து அந்தக் காசோலையில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய பாரம் கொடுத்தவர் தலையில். 2019இல் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் சொன்னது. வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தால் மட்டும் தப்ப முடியாது. ஆகவே காசோலையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் ராஜினாமா கடிதத்திலேயே காசோலை எண்ணையும், வேலைக்குச் சேரும்போது ஈடாக வாங்கியது என்பதையும் எழுதித் திருப்பிக் கேளுங்கள். காசோலை வங்கியில் பணமாகாமல் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால், பணம் கட்ட அதில் தரும் கெடு 15 நாள். அதற்குள் கட்டாயம் பதில் போகவேண்டும். பயந்துபோய் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும், சரியான முகவரிக்கு வந்ததென்றால் சேர்ந்ததாகவே கணக்கு.

ராஜினாமாவை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எந்தெந்தச் சான்றிதழ், என்ன வரிசை எண், எந்தத் தேதியில் கொடுத்தது என்று பட்டியல் இருக்கட்டும். கல்விச் சான்றிதழ் ஈடாகப் பிடித்துவைக்கும் சரக்கல்ல என்று கல்லூரி வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. 21.11.2025 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கவேண்டும்.

வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த விவரம் ரகசியம், யார் யார் அதைப் பார்க்கலாம், விலகும்போது எதைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். அதன் ஒரு பிரதி ஊழியர் கையிலும் இருக்கட்டும். ஆடித் தள்ளுபடிக்குப் புதிதாக ஆள் எடுக்கும் முன் இதைச் செய்தால் நல்லது.

— தொழிலாளர் சட்ட ஆலோசகர்,
கும்பகோணம்