கடை நோட்டும் ஜோடி ஃபாஸ்டரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. நீயும் நம்பியிருக்க மாட்டாய். போனில் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் பழையபடி காகிதத்தை எடுத்துவிட்டேன்.

நீயும் உன் தோழியும் 'நயாட்' படம் பார்த்ததையும், வீட்டுக்கு வந்திருந்தவர்களோடு இரவு ஒரு மணி வரை அதில் நடித்த ஹாலிவுட் நடிகை ஜோடி ஃபாஸ்டரைப் பற்றிச் சண்டை போட்டதையும் சொன்னாய். பாதிப் பேர் அவருக்காக உருகினார்களாம், பாதிப் பேர், தன்பாலீர்ப்பை இத்தனை வருடம் ஏன் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார் என்று கணக்குக் கேட்டார்களாம். நீ கணக்குக் கேட்ட கட்சி. "எல்லாம் பத்திரமான பிறகு வந்து நடிக்கிறார், பயந்தாங்கொள்ளி" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குச் சுருக்கென்றது.

தில்லை நகரில் நம் வீடியோ கடையில் ஆங்கிலப் படங்களுக்கு இருந்தது ஒரே ஓர் அலமாரி. அதில் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' கேசட் ஓடி ஓடித் தேய்ந்து, மூன்று முறை மாற்றினேன். பெயரில் ஆட்டுக்குட்டி இருக்கிறதே என்று ஓர் அம்மாள் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்காக எடுத்துப்போய், மறுநாள் நான் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் கொலையோ நரமாமிசமோ அல்ல. ஆரம்பத்தில் ஒரு லிஃப்ட் வரும். சுற்றிலும் நெடுநெடுவென்று ஆண்கள், நடுவில் குள்ளமாக ஜோடி ஃபாஸ்டர். முகத்தில் ஒன்றையும் காட்டமாட்டார், ஆனால் அத்தனை பேரையும் அளந்துகொண்டிருப்பார்.

அவர் நடித்த 'கான்டாக்ட்' கேசட் வந்தபோது உனக்கு எட்டு வயது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடையிலேயே பார்த்தோம். செத்துப்போன அப்பாவின் உருவம் கடற்கரையில் நடந்து வரும்போது நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். ரேடியோவில் எவ்வளவு தூரம் பேசலாம், செவ்வாய்க்குப் பேசலாமா, செத்துப்போன தாத்தாவிடம் பேசலாமா என்று ஒரு வாரம் என்னைப் படுத்தி எடுத்தாய். ஆகவே என்னை நடுநிலையாளன் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் ரசிகன். கட்சிக்காரன் பேச்சாகவே இதைப் படி.

கணக்கு என்றால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அவர் பிறக்கும் முன்பே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. மூன்று வயதில் வெயிலுக்குப் பூசும் லோஷன் விளம்பரம். அதன்பின் அந்த வீட்டில் அடுப்பெரிந்ததில் குழந்தையின் சம்பாத்தியத்துக்குப் பெரும் பங்கு. பன்னிரண்டு வயதில் 'டாக்ஸி டிரைவர்'. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட சிறுமியின் வேடம். 1976இல் வந்த அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒருவன், அவர் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அந்த ஊருக்கே போனான். கடிதம் எழுதினான், போன் செய்தான். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் ஜனாதிபதி ரீகனைச் சுட்டான். இந்தப் பெண் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். அப்போது அவருக்கு வயது பதினெட்டு, முதலாம் ஆண்டு மாணவி. உன்னைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. ஒரு காரணமும் இல்லாமலே தூங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பெற்றவள் எப்படித் தூங்கியிருப்பாள்?

தன்னைப் பற்றி வெளியே ஒரு துளி கசிந்தாலும் அது எங்கே போய் நிற்கும் என்பதை இந்த அளவுக்குப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

சுட்ட அன்று நடக்க வேண்டிய ஆஸ்கர் விழாவை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். சரியாகப் பதினோரு வருடம் கழித்து, 1992இல், அதே மார்ச் 30 அன்று, லாம்ப்ஸ் படத்துக்காக அவர் இரண்டாவது ஆஸ்கரை வாங்கினார். அரங்கத்துக்கு வெளியே அன்று ஆர்ப்பாட்டம். யார் என்றால், நீங்கள்தான், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். அந்தப் படத்தின் கொலைகாரனைப் பெண் வேடம் கட்டுகிறவனாக, நளினம் பேசுகிறவனாகக் காட்டியிருக்கிறார்கள், ஊர் எங்களை ஏற்கெனவே பார்க்கிற பார்வைக்கு இது எண்ணெய் ஊற்றுகிறது என்பது அவர்கள் கோபம். கோபம் நியாயமானது. கடையில் அத்தனை முறை அந்தப் படத்தைப் போட்டும் எனக்கு அது உறைத்ததே இல்லை, நீ சொல்லித்தான் உறைத்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே நியூயார்க் சுவர்களில் அவர் முகத்தை அச்சடித்து, இவர் எங்களில் ஒருவர் என்று ஒட்டியிருந்தார்கள். அவர் வாயால் சொல்லாததை அவர் முகத்தின் மேலேயே எழுதினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் ஒட்டினார்கள் என்பதையும் நீ சொன்னாய். எய்ட்ஸில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். 'மௌனம் என்றால் மரணம்' என்று போஸ்டர் அடித்துப் போராடினார்கள். நடிகர் ராக் ஹட்சன் 1985இல் சாகக் கிடந்தபோதுதான் அந்த நோயை அமெரிக்கா தன் வீட்டு நோயாகப் பார்த்தது. இன்னொரு பெரிய முகம் பேசினால் இன்னும் சிலராவது பிழைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நண்பனைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் அந்தரங்கம், நாகரிகம் என்றெல்லாம் நான் பேச முடியுமா? முடியாது. அவன் எதிரில் நின்றால் என் வாதம் கூசுகிறது. இருந்தாலும் விட மனம் வரவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், நீ சட்டம் தெரிந்தவளோடு வாழ்கிறாய், அவளுக்குப் பிடிக்கும். 1987இல் போர்க் என்ற நீதிபதியை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப் பார்த்தபோது, அவர் வீடியோ கடையில் என்னென்ன படம் வாடகைக்கு எடுத்தார் என்ற பட்டியலை ஒரு பத்திரிகை போட்டுவிட்டது. பட்டியலில் விபரீதமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் எம்பிக்கள் அரண்டுபோய் 1988இல் சட்டமே போட்டார்கள்: யார் எந்தக் கேசட் எடுத்தார் என்பதைக் கடைக்காரன் வெளியே சொல்லக் கூடாது. கேசட்டுக்குக் காவல் கிடைத்தது, மூன்றே வருடத்தில் அந்த நடிகையின் முகம் சுவரில்.

எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. கடையில் பச்சை அட்டை போட்ட நோட்டு இருந்ததே, யார் எதை எடுத்தார்கள் என்று குறிக்கும் நோட்டு, அதை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. ஒரு முறை ஒரு பெரிய மனிதர் தன் மகன் என்ன படம் எடுத்துப் போகிறான் என்று கேட்டு வந்தார். எழுதுவதில்லை சார் என்று நோட்டின் மேலேயே கையை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். அடுத்தவர் ரகசியத்தைக் காப்பவன் என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் ஜோடி ஃபாஸ்டருக்காக உன்னிடம் வக்காலத்து வாங்கினேன்.

2013இல் கோல்டன் குளோப் விருது மேடையில் அவர் பேசியதை நீ கிண்டல் செய்தாய். சுற்றி வளைத்தார், ஒரு வார்த்தையை நேராகச் சொல்ல அத்தனை நிமிடமா என்றாய். நான் வேறு மாதிரி கேட்டேன். நண்பர்களுக்கும் உறவுக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் எப்போதோ சொல்லிவிட்டேன், கற்காலத்திலேயே சொல்லிவிட்டேன் என்றார். நடக்கத் தெரிந்த நாள் முதல் ஊர் பார்வையில் வளர்ந்திருந்தால் நீங்களும் அந்தரங்கத்தைத்தான் பெரிதாக மதித்திருப்பீர்கள் என்றார். 2007இலேயே ஒரு விழாவில் துணைவியின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னவர்தான். அந்த மேடையில் கடைசியில் தன் அம்மாவைப் பார்த்துப் பேசினாரே, அதை உன் கட்சிக்காரர்கள் யாரும் பேசவில்லை. நினைவு தப்பிப்போன அம்மா. புரியாவிட்டாலும் கேட்கட்டும் என்று உங்களை நேசிக்கிறேன் என்று மூன்று முறை சொன்னார். நான் அழுதுவிட்டேன், உன் அம்மா சாட்சி. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார். பத்து வருடம் கழித்து, நீ பார்த்த 'நயாட்' படத்தில், கியூபாவிலிருந்து கடலை நீந்தி வந்த பெண்ணுக்கு அருகில் படகில் நின்று கத்தும் தோழியாக, ஒளிவுமறைவற்ற தன்பாலீர்ப்புப் பெண்ணாக நடித்து ஐந்தாவது முறையாக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வயது அறுபத்தொன்று. எனக்கு அது தாமதமாகத் தெரியவில்லை.

இதுவரை எழுதிவிட்டு நேற்று நிறுத்திவிட்டேன். இன்று காலை மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போனை வைத்தது 'பயந்தாங்கொள்ளி' என்ற வார்த்தைக்காக இல்லை. அதற்கு அடுத்து ஒன்று சொன்னாய். "அந்த முகம் நம் கடைச் சுவரிலேயே இருந்தது அப்பா. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினைந்து வயதில் நான் என்னை நோயாளி என்று நினைத்திருக்க மாட்டேன்." அப்போதுதான் வைத்தேன்.

லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ கேட்கிறாய். அந்தச் சுவருக்குக் கீழேயே ஒருவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தானே. 2018 செப்டம்பரில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் வெட்டிய மறுநாள், நீ விடுமுறையில் இங்கேதான் இருந்தாய். பேப்பரில் முதல் பக்கம் முழுக்க அதுதான். நான் படித்தேன். மடித்துப் பழைய பேப்பர் அடுக்கில் கீழே செருகிவிட்டு, தோசை வார்த்தாயிற்றா என்று கேட்டேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்காதே. தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றால் பொய்.

அவர் காத்தது தன்னுடைய ரகசியம். நோட்டில் நான் காத்தது வாடிக்கையாளரின் ரகசியம், அவர்கள் கேட்டுக்கொண்டதால். நீ உன் வாயாலேயே எங்களிடம் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. மூடி வை என்று நீ கேட்கவே இல்லை. உன் அத்தை போன மாதம் கேட்டபோது "ரூம்மேட், வக்கீலுக்குப் படித்த பெண்" என்றேன். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே 'தோழி' என்றுதான் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு நீ பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை வரும் வெள்ளிக்கிழமை வருகிறாள், பத்து நாள் இருப்பாள். டிசம்பரில் நீங்கள் இருவரும் வருவதை அம்மா அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். எந்த அறை, எத்தனை கட்டில் என்று கேட்காமல் இருக்கமாட்டாள். நானாக எதையும் சொல்லப் போவதில்லை, அது உன் நோட்டு. சொல்லலாம் என்றால் எழுது. எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுது, தமிழிலேயே எழுது, அத்தைக்கு ஆங்கிலம் வராது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எழுது.

உன்னோடு வருகிறவளுக்குப் பூண்டு ஆகாது என்று சொன்னாயே, ரசத்திலும் போடக் கூடாதா? அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா