கரண்டுக்குக் கம்பெனி தேடும் மகளுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகள் செல்விக்கு,

ஹூஸ்டனில் வீடு பார்த்தாயிற்று, கரண்டுக்கு மட்டும் "நீங்களே கம்பெனி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அபார்ட்மென்ட் ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள், எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். திரையில் அத்தனை திட்டங்கள் வரிசைகட்டி நின்றால் யாருக்கும் தலை சுற்றும்தான். இங்கே நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் நகராட்சி வாங்குகிறது, நகராட்சியிடம் நாம் வாங்குகிறோம். மின்விலையைக் கண்காணிக்கும் நெர்சா ஆணையம் ஒப்புக்கொண்ட விலை ஜூலை 1ஆம் தேதி ஏறும், முணுமுணுத்துக்கொண்டே கட்டுவோம். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மின்சாரத் திருத்தச் சட்டம் இங்கேயும் மொத்த விற்பனைச் சந்தைக்கு வழி திறந்திருக்கிறது என்றாலும், அது நம் வீட்டு மீட்டர் வரை வந்து சேர நாளாகும்.

டெக்சஸில் 1999இல் சட்டம் போட்டு, 2002 ஜனவரி 1 முதல் சில்லறை விற்பனையைத் திறந்துவிட்டார்கள். ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் கரண்ட் இன்னும் நகரத்தின் கையில்தான். அங்கே போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஹூஸ்டனில் கரண்டை உண்டாக்குகிறவர் வேறு, கம்பிக்குச் சொந்தக்காரர் வேறு, உனக்குப் பில் போடுகிறவர் வேறு. கம்பி சென்டர்பாயின்ட் என்ற கம்பெனியுடையது. நீ எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அதே கம்பி, அதே மீட்டர், அதே கரண்ட். ஆகவே "எங்கள் கரண்ட் நம்பகமானது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. கரண்ட் போனால் கூப்பிட வேண்டியதும் சென்டர்பாயின்டைத்தான். பில் போடும் கம்பெனியிடம் கம்பியும் இல்லை, ஏணியும் இல்லை.

அந்தக் கம்பிக் கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று இரண்டாக வரும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே தொகை. வழக்கமாக மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாறும். "நிலையான விலை" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்தப் பகுதி மட்டும் நடுவில் ஏறலாம், அதைக் கேட்டு யாரோடும் சண்டைக்குப் போகாதே. விளம்பரத்தில் "யூனிட் 9 சென்ட்" என்று மட்டும் போட்டிருந்தால், பெரும்பாலும் கம்பிக் கட்டணத்தைச் சேர்க்காத விலையாக இருக்கும்.

விளம்பரத்தை விடு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஈ.எஃப்.எல். (விலை விவரம் எல்லாம் அடங்கிய 'எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்') என்று ஒரு தாள் உண்டு, சட்டப்படி தந்தே ஆக வேண்டும். அதன் தலைப்பகுதியில் 500, 1000, 2000 யூனிட்டுக்குச் சராசரி விலை போட்டிருக்கும். அரசு ஆணையத்தின் 'பவர் டு சூஸ்' தளத்தில் எல்லோரும் 1000 யூனிட் விலையை வைத்துத்தான் வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். அது கம்பெனிகளுக்கும் தெரியும். அதனால் சரியாக 1000இல் மட்டும் விலை பள்ளத்தில் விழும்படி திட்டம் போடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்கு வசதியாக நான் வைத்தவை. கம்பிக் கட்டணம் மாதம் 5 டாலர், யூனிட்டுக்கு 5 சென்ட் என்று வைத்துக்கொள்.

முதல் திட்டம்: யூனிட் 13 சென்ட், மாதம் 1000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் கழிவு, அதாவது பில்லில் தள்ளுபடி. தாளில் 500க்கு 19 சென்ட், 1000க்கு 8.5 சென்ட், 2000க்கு 13.25 சென்ட் என்று நிற்கும். இரண்டாம் திட்டம்: யூனிட் 9 சென்ட், கழிவு கிடையாது. தாளில் 15, 14.5, 14.25. வரிசையில் முதல் திட்டம் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், இரண்டாவது எங்கோ மூன்றாம் பக்கத்தில் கிடக்கும்.

இப்போது முதல் திட்டத்தில் 1000 யூனிட் ஓடினால் பில் 85 டாலர். 999 ஓடினால் 184 டாலர் 82 சென்ட். ஒரே ஒரு யூனிட் குறைத்ததற்கு நூறு டாலர் தண்டம்! மாதக் கடைசியில் சிக்கனமாக விளக்கை அணைக்கிற பிள்ளைதான் இதில் மாட்டும்.

வருஷத்துக்குப் பார். ஒரு படுக்கையறை வீட்டில் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை 750, 700, 600, 650, 850, 1050, 1200, 1250, 980, 750, 600, 700 யூனிட் ஓடுகிறது என்று வை. மொத்தம் 10,080. ஆயிரத்தைத் தாண்டுவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றே மாதம். செப்டம்பர் இருபது யூனிட்டில் தவறிவிடுகிறது. முதல் திட்டத்தில் வருஷச் செலவு 1,574 டாலர் 40 சென்ட், இரண்டாவதில் 1,471 டாலர் 20 சென்ட். 8.5 சென்ட் என்று சொன்ன திட்டம் உண்மையில் 15.6 சென்டில் வந்து முடிகிறது, 14.5 என்று சொன்னது 14.6இல் முடிகிறது. மாதாமாதம் 1000க்கும் 1300க்கும் நடுவில் ஓடுகிற வீட்டுக்கு முதல் திட்டம் லாபம்தான், அதை மறுக்கவில்லை. உன் வீடு அப்படியா என்பது உனக்கே இன்னும் தெரியாது.

தாளில் விலைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைத்தான் நீ படிக்க வேண்டும்: அடிப்படைக் கட்டணம் உண்டா, குறைவாக ஓடினால் அபராதம் உண்டா, கழிவு எத்தனை யூனிட்டில் தொடங்குகிறது, எதில் நிற்கிறது. மூன்று விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக, 500இலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அந்தத் திட்டத்தில் சூது குறைவு. 1000இல் குழி விழுந்து 2000இல் மறுபடி ஏறினால், கழிவோ அபராதமோ உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தத் தளத்திலேயே அப்படிப்பட்டவற்றை நீக்கிவிட்டுப் பார்க்கவும் வசதி உண்டு.

"இரவெல்லாம் இலவசம்" என்று ஒன்று கண்ணில் படும். உனக்கு அது ஆகவே ஆகாது. நீ நைட் டியூட்டிக்காரி. இலவச நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பாய். பகலில் ஜன்னலை மூடி ஏ.சி. போட்டுத் தூங்குவாய். அந்தத் திட்டங்களில் பகல் விலையை ஏற்றித்தான் இரவைச் சும்மா தருகிறார்கள். ஹூஸ்டன் வெயிலில் பிற்பகலில்தான் ஏ.சி. மூச்சுவாங்கும், அது முழுக்க உன் தலையில் விழும்.

ஆகவே முதல் வருஷம் கழிவும் இல்லாத, இலவசமும் இல்லாத, 12 மாத நிலையான விலைத் திட்டம் ஒன்றை எடு. மாறும் விலைத் திட்டம் வேண்டாம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மொத்த விற்பனைச் சந்தை விலை அதன் உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில் நின்றது, அதாவது யூனிட் 9 டாலர். சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்தும் திட்டம் வைத்திருந்தவர்களுக்குச் சில நாளிலேயே ஆயிரக்கணக்கில் பில் வந்தது. அந்த வகையை அதே வருஷம் சட்டம் போட்டு வீடுகளுக்குத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மாதாமாதம் கம்பெனி இஷ்டத்துக்கு விலை மாற்றும் திட்டங்கள் இன்னும் உண்டு.

ஒப்பந்தம் முடியும் தேதியை போனில் குறித்து வை. அறிவிப்பு அனுப்புவார்கள், ஆனால் விளம்பரக் கடிதங்களோடு கலந்து கண்ணில் படாமல் போகும். நீ சும்மா இருந்தால் மாதாந்திர விலைக்குத் தள்ளிவிடுவார்கள், அது அநேகமாக உயர்ந்த விலை. முடிவதற்கு முந்தைய 14 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு மாறினால் அபராதம் கிடையாது. அதற்கு முன்னால் முறித்தால் உண்டு. சில இடத்தில் மொத்தமாக ஒரு தொகை, சில இடத்தில் மீதி மாதம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. வீடு மாறிப் போகிறாய் என்றால் புது விலாசத்துக்கு அத்தாட்சி காட்டினால் போதும், அபராதம் கேட்கக் கூடாது. கம்பெனி மாற்றுகிறவர்களுக்கு மூன்று வேலை நாளுக்குள் மனம் மாற உரிமை உண்டு. புதிதாகக் குடிவந்து கனெக்‌ஷன் எடுக்கும் உனக்கு அது பொருந்தாது. அதனால் இந்த முறை பார்த்துக் கையெழுத்துப் போடு. முடிந்தால் ஒப்பந்தம் கோடையில் முடியாதபடி பார்த்துக்கொள். வெயில் காலத்தில் பேரம் படியாது.

டெபாசிட் கேட்பார்கள். அங்கே உனக்குக் கடன் வரலாறு இல்லை என்பதுதான் காரணம், அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. 12 மாதம் தவணை தவறாமல் கட்டினால் திரும்ப வரும். டெபாசிட் இல்லை என்று பிரீபெய்டு பக்கம் போகலாமா என்றால், கூடாது. நம் வீட்டில் 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்துகிற பிரீபெய்டு மாதிரி இல்லை அது. கணக்கில் பணம் தீர்ந்தால் எங்கிருந்தோ துண்டிப்பார்கள், யூனிட் விலையும் பெரும்பாலும் கூடுதல்.

உன் இணைப்புக்கு ஈ.எஸ்.ஐ. எண் என்று 22 இலக்கத்தில் ஒன்று வரும். சாமான் கடை வாசலில் மேஜை போட்டு நிற்கிறவர்களிடமும் கதவைத் தட்டுகிறவர்களிடமும் பில்லைக் காட்டாதே. அந்த எண் கையில் இருந்தால் உன்னைக் கேட்காமலே கம்பெனியை மாற்றிவிட முடியும். அந்த எண்ணையும் மீட்டர் எண்ணையும் வைத்து 'ஸ்மார்ட் மீட்டர் டெக்சஸ்' தளத்தில் பதிந்துகொள், இலவசம்தான். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஓடியது என்று காட்டும். ஒரு வருஷக் கணக்கு சேர்ந்துவிட்டால் அடுத்த தடவை கழிவுத் திட்டம் உனக்கு ஒத்துவருமா என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

வீட்டுக்குள்ளே ஏ.சி.தான் பெரிய தின்னி. ஃபேன் பொத்தானை 'ஆட்டோ'விலேயே வை. 'ஆன்' என்று வைத்தால் கம்ப்ரசர் நின்ற பிறகும் காற்று ஓடி, காயிலில் (ஏ.சி.க்குள் குளிரும் குழாய்ச் சுருளில்) நிற்கும் ஈரத்தை வீட்டுக்குள்ளேயே திருப்பி ஊதும். ஹூஸ்டன் புழுக்கம் டர்பனுக்குச் சளைத்ததல்ல. காற்று உள்ளே இழுக்கும் சல்லடைக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும். அளவு அதன் விளிம்பிலேயே அச்சடித்திருக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை என்றால் மாற்று. அடைத்துக்கொண்டால் காயிலில் பனி கட்டி, ஏ.சி. நிற்காமல் ஓடும், வீடு குளிராது. குளிர் நாளில் தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' என்று இருப்பதை அழுத்தாதே. ஏ.சி.யையே திருப்பி ஓட்டிச் சூடு தரும் ஹீட் பம்ப்பை நிறுத்திவிட்டு வெறும் ஹீட்டர் கம்பியில் சூடேற்றும், இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். ஜனவரி பில்லைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள் பாதிப்பேர் இதை அழுத்தியவர்கள்தான் என்பது என் சந்தேகம். நம் கீசர் போன்ற தொட்டி அங்கே பெரும்பாலும் 4,500 வாட். 120 டிகிரி ஃபாரன்ஹீட் போதும்.

உன் அம்மா கிரைண்டரைப் பார்சல் போடட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே 230 வோல்ட், அங்கே சுவர்ப் பிளக்கில் 120தான், மோட்டார் முனகிக்கொண்டு சூடேறிப் போகும். மாவு அரைக்க அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்.

குடிபோகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாலாவது கம்பெனியிடம் பதிந்துவிடு, சாவி வாங்கும் நாளில் அவசரப்பட்டால் ஆபீஸ்காரர்கள் நீட்டும் நோட்டீசில் இருக்கும் கம்பெனியையே எடுக்கத் தோன்றும். அதையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிடித்த இரண்டு மூன்று திட்டங்களின் ஈ.எஃப்.எல். தாளைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, மேல் வீட்டுக்காரர்களுக்கு மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்றும் கேட்டு எழுது. 12 மாதத்துக்கும் கணக்குப் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா